நண்பர்கள் பேச்சைத்தானே பிள்ளைகள் கேட்கிறார்கள்?

கேள்வி: மார்ச் 4, 2024

"பள்ளியில் உடல்நல வகுப்பு என்று ஒன்று நடக்கிறது. மாதவிடாய், கருத்தடை, பால்வினை நோய் எல்லாம் சொல்லித்தான் தருகிறார்கள். தேர்வு வைத்தால் பிள்ளைகள் நல்ல மார்க்கும் வாங்குகிறார்கள். வெளியே வந்ததும் நண்பன் சொன்னதுதான் வேதவாக்கு. பேசாமல் மாணவர்களிலேயே கெட்டிக்காரர்கள் நாலு பேருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே பேசவிட்டால் என்ன? பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாமே?"

மார்ச் 4, இரவு

கேள்வியின் முன்பாதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பின்பாதியில்தான் எனக்குத் தகராறு.

பள்ளிகளுக்குப் போய் இந்த வகுப்புகளை எடுக்கும் செவிலியர் நான். விடைத்தாளில் எல்லாவற்றையும் சரியாக எழுதிய பெண், அடுத்த வாரமே தனியாக வந்து, தாளில் எழுதியதற்கு நேர்மாறான ஒன்றைத் தோழி சொன்னாள் என்று நம்பிக் கேட்பாள். அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே தகவல் மட்டும் போதாது என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் மாணவர்களையே பயிற்றுநர்களாக்கும் திட்டம் ஒன்றும் புதிதல்ல. சகவயதினர் கல்வி என்ற பெயரில் பல நாடுகளில் பல காலமாக நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தில் வளரிளம் பருவ நலத்துக்காக நீண்டகாலம் பணியாற்றிய வெங்கட்ராமன் சந்திரமௌலி, வேறு இருவரோடு சேர்ந்து 2015இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாரும் நல்லது என்று நம்பிச் செய்யும் வேலைகளில் எவையெல்லாம் பலன் தரவில்லை என்று துணிந்து சொன்ன கட்டுரை அது. இளைஞர் மையங்களும் சகவயதினர் கல்வியும் பெரிய பெரிய பொதுக்கூட்டங்களும் அதில் அடிபட்டன. சகவயதினர் கல்வியால் அதிகம் பயன் அடைபவர்கள் பயிற்சி பெற்ற அந்த நாலு பேர்தான். அவர்கள் யாரிடம் பேசினார்களோ அவர்களுடைய தகவலறிவு கொஞ்சம் கூடும், நடத்தை பெரிதாக மாறாது.

நண்பர்களின் பிடி இவ்வளவு பலமாக இருக்கும்போது, நண்பர்களைக் கொண்டே சொன்னால் ஏன் பலிப்பதில்லை? இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 5

வகுப்பில் நான் செய்யும் ஒரு சின்னப் பயிற்சி. எல்லாருக்கும் ஒரே மாதிரித் தாள், பெயர் எழுதக் கூடாது. இரண்டே கேள்வி. "இந்த வகுப்பில் எத்தனை பேருக்குக் காதலனோ காதலியோ இருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்?" அப்புறம், "உனக்கு இருக்கிறதா?" தாள்களைக் கலைத்து, அவர்கள் கண் முன்னாலேயே கரும்பலகையில் கூட்டுவேன்.

முதல் கேள்விக்கு வரும் பதில் எப்போதும் பாதி வகுப்புக்கு மேல். இரண்டாவதற்கு "ஆம்" என்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பலகையில் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். பலருக்கும் முகத்தில் தெரிவது நிம்மதி. தான் மட்டும்தான் பின்தங்கிவிட்டோம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் வகுப்பில் அதிகம்.

நண்பர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைவிட, என்ன செய்கிறார்கள் என்று இந்தப் பிள்ளை நினைக்கிறது என்பதுதான் அதிகம் ஆட்டிவைக்கிறது. 1986இல் வெஸ்லி பெர்கின்ஸ், ஆலன் பெர்கோவிட்ஸ் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் மதுப்பழக்கத்தில் இதைக் காட்டினார்கள். குடிப்பதை மற்றவர்கள் தங்களைவிட அதிகமாக ஆதரிக்கிறார்கள் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். பாலுறவு விஷயத்திலும் இதே கதைதான் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அடக்கமாக இருப்பவர்கள் பேசுவதில்லை, பேசுபவர்கள் கூட்டிச் சொல்கிறார்கள். கேட்பவர் காதில் விழுவது ஒரு பக்கம் மட்டுமே.

நாலு கெட்டிக்காரர்கள் முன்னால் நின்று அறிவுரை சொன்னாலும், பின்பெஞ்சில் ஓடும் இந்தத் தப்புக்கணக்கு அப்படியேதான் இருக்கும்.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. நண்பன் வாயே திறக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தாலே போதும். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெயின்பர்க்கும் 2005இல் வெளியிட்ட சோதனையில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாகவும் நண்பர்கள் பார்த்திருக்கவும் ஆடச் சொன்னார்கள். 13 முதல் 16 வயதுக்காரர்கள் நண்பர்கள் முன்னிலையில் எடுத்த அபாயம் தனியாக ஆடியபோது எடுத்ததைவிட மிக அதிகம். 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. தனியாக உட்கார்ந்து தேர்வு எழுதும்போது இருக்கும் அறிவும், கூட்டத்தில் இருக்கும்போது எடுக்கும் முடிவும் ஏன் ஒட்டுவதில்லை என்பதற்கு இதில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

மார்ச் 7

"கொஞ்சம் பயம் காட்டினால் தன்னால் அடங்குவார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், தெரிகிறது. ஆனால் இதை யாரோ ஒழுங்காகச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 57 பள்ளிகள். 13 முதல் 15 வயதுப் பெண்கள். சில பள்ளிகளில் அழுகிற, பால் கேட்கிற, துணி மாற்றச் சொல்கிற கணினிப் பொம்மைக் குழந்தையை வார இறுதியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். குழந்தை வளர்ப்பு எவ்வளவு கஷ்டம் என்று பட்டுத் தெரிந்தால் இள வயதுக் கர்ப்பம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. மற்றப் பள்ளிகளில் வழக்கமான பாடம் மட்டும். 20 வயது வரை தொடர்ந்து பார்த்து 2016இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பொம்மை வாங்கிப் போனவர்களில் 8 சதவீதம் பேர் குழந்தை பெற்றிருந்தார்கள். மற்றவர்களில் 4 சதவீதம். கருக்கலைப்பும் அதிகம்: பொம்மை வாங்கிப் போனவர்களில் 9 சதவீதம், மற்றவர்களில் 6.

எனக்குப் படுவது இது: அந்த வார இறுதியில் அந்தப் பெண்ணைச் சுற்றி என்ன நடந்திருக்கும்? தோழிகள் கூடியிருப்பார்கள், அம்மா உதவியிருப்பாள், எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்திருக்கும். இது என் ஊகம்தான், ஆய்வு இதைச் சொல்லவில்லை. ஆனால் பயம் மட்டும் தனியாக வேலை செய்யும் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

மார்ச் 8

சத்தியம் வாங்குவது பற்றியும் கேட்டிருக்கிறார்கள். "திருமணம் வரை காத்திருப்பேன்" என்று அமெரிக்காவில் லட்சக்கணக்கான பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள். பீட்டர் பியர்மனும் ஹன்னா புரூக்னரும் 2001இல் அதன் விளைவை அலசினார்கள். சத்தியம் செய்தவர்களில் முதல் உறவு சராசரியாக 18 மாதம் தள்ளிப்போயிருந்தது. இதோடு நிறுத்திவிட்டுத்தான் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். தொடர்ந்து படிக்க வேண்டும். பள்ளியில் கொஞ்சம் பேர் மட்டும் சத்தியம் செய்திருந்தால்தான் அது வேலை செய்தது. நிறையப் பேர் செய்த பள்ளியில் பலனே இல்லை. நாம் தனி, நாம் ஒரு குழு என்ற உணர்வுதான் தாங்கிப்பிடித்திருக்கிறது. அது எல்லாருக்கும் பொதுவானபோது பிடிமானம் போய்விட்டது. சத்தியத்தை மீறியவர்களோ, முதல் முறை கருத்தடை பயன்படுத்துவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. தயாராக இருப்பதே சத்தியத்தை மீறுவதற்குச் சமம் என்று தோன்றியிருக்கலாம்.

5ஆம் தேதி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். இங்கேயும் பிள்ளையை நகர்த்துவது சுற்றியிருப்பவர்கள்தான்.

மார்ச் 8, இரவு

இல்லை, தகவலை இவ்வளவு தூரம் தள்ளிவைத்தது நியாயமில்லை. தகவலால் ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னதாக இருவர் எடுத்துக்கொண்டார்கள். எந்தத் தகவல் என்பதுதான் கேள்வி.

மேற்குக் கென்யாவில் பாஸ்கலின் டூபா என்ற பொருளாதார அறிஞர் செய்த ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு பக்கம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து அரசுப் பாடத்திட்டப்படி "விலகி இரு" என்று சொல்ல வைத்தார்கள். இள வயதுக் கர்ப்பத்தில் மாற்றம் எதுவும் இல்லை. இன்னொரு பக்கம், வெளியிலிருந்து ஒருவர் வந்து, ஒரே ஒரு முறை, ஒரு பாடவேளை அளவு நேரம் பேசினார். எந்த வயது ஆண்களிடம் எச்.ஐ.வி. எவ்வளவு பரவியிருக்கிறது என்ற எண்களைக் காட்டினார். பணமும் பரிசும் கொடுத்துப் பழகும் வயதான ஆண்களிடம்தான் தொற்று அதிகம் என்று அந்தப் பெண்கள் அன்றுதான் அறிந்தார்கள். அந்தப் பள்ளிகளில் இள வயதுக் கர்ப்பம் 28 சதவீதம் குறைந்தது.

அந்த எண்கள் அந்தப் பெண்ணின் கையில் இருந்த முடிவோடு நேராகப் பொருந்தின. "செய்யாதே" என்பது முடிவெடுக்க உதவாது. எவரோடு பழகினால் எவ்வளவு ஆபத்து என்பது உதவும். அது வரை அவளுக்கு அதைச் சொல்ல யாருமே இல்லை. வயதான ஆள்தான் பொறுப்பானவன், பாதுகாப்பானவன் என்று சுற்றியிருந்தவர்கள் நம்பியதைத்தான் அவளும் நம்பியிருப்பாள்.

மார்ச் 9

அவசரக் கருத்தடை மாத்திரை கருவைக் கலைத்துவிடும் என்று வேறொருவர் எழுதியிருக்கிறார், அதற்கு ஒரு சின்னத் திருத்தம். அது கருவைக் கலைக்காது. கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அது எதையும் செய்யாது. இதில் லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற வகை மாத்திரையைப் பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்வார்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இந்த ஒரு குழப்பத்தால், வேண்டிய நேரத்தில் வேண்டாம் என்று இருந்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

மார்ச் 10

"13 வயதுக்கு முன்னால் இதெல்லாம் எதற்கு" என்று கேட்கிறவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனக் கணக்கில் வளரிளம் பருவம் 10 வயதில் தொடங்கி 19 வரை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிளம் தலைமையில் பல கண்டங்களில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற கட்டுப்பாடுகள் அந்த வயதுக்குள் மனதில் ஊறிவிடுகின்றன என்று சொன்னது. பெண் எளிதில் ஆபத்தில் மாட்டிக்கொள்வாள், அதனால் ஒதுங்கியே இருக்க வேண்டும். ஆண் எதற்கும் அசையக் கூடாது. எங்கே போய்க் கேட்டாலும் ஏறக்குறைய இதுதான் பதில்.

13 வயதில் தொடங்கினால், ஊறிப்போன ஒன்றை வெளியே எடுக்கும் வேலையாகிவிடும்.

மார்ச் 10, தொடர்ச்சி: பையன்கள்

"அசையக் கூடாது" என்றதும் இது நினைவுக்கு வந்தது. தள்ளிப்போட மனமில்லை.

இனப்பெருக்க நலம் என்றால் பெண் பிள்ளைகள் விஷயம் என்று வகுப்பைப் பிரித்து, பையன்களை விளையாட அனுப்பிவிடும் பள்ளிகள் உண்டு. தூக்கத்தில் விந்து வெளியேறுவது உடல் வளர்வதன் இயல்பான அடையாளம் என்று ஒருவரும் சொல்லாததால், நோய் வந்துவிட்டது என்று மாதக்கணக்கில் மனதுக்குள் வெந்துகொண்டிருக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடிப் போவது கைப்பேசியை. அங்கே கிடைப்பது பயத்தைக் காசாக்கும் விளம்பரமும் ஆபாசப் படமும்தான். ஆபாசப் படம் நடிப்பு, பெண்ணின் சம்மதம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்று சொல்லும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். அது அங்கேயே பல்லிழந்துவிடும்.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. விரை தன்னைத் தாங்கும் ரத்தக்குழாய்க் கயிற்றோடு முறுக்கிக்கொண்டால் அதற்கு ரத்தம் போவது நின்றுவிடும். 12 முதல் 18 வயதுப் பையன்களிடம் இது அதிகம். திடீரென்று ஒரு பக்கம் கடுமையான வலி, வீக்கம், சில சமயம் வாந்தி, சிலருக்கு அடிவயிற்றில் மட்டும் வலி. ஆறு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் ஆக ஆக வாய்ப்பு வேகமாகச் சரியும்.

நான் அறிந்த ஒரு பையனுக்கு இரவில் வலி வந்தது. அம்மாவிடம் சொல்லக் கூச்சம். தம்பி தூங்கும் அறையில் தலையணையைக் கடித்துக்கொண்டு விடியும் வரை இருந்திருக்கிறான். காலையில் "வயிற்று வலி" என்றான். மருத்துவமனையில் மருத்துவர் ஆடையைத் தளர்த்திப் பார்த்த பிறகுதான் எந்த இடம் என்று தெரிந்தது. ஒரு பக்கத்தை எடுக்க வேண்டியதாயிற்று. அவன் அறிவாளிப் பையன், அறிவியல் பாடத்தில் முதல் மார்க். அந்த உறுப்பின் படத்தை அழகாக வரைந்து பாகம் குறிப்பான். அதில் வலி வந்தால் யாரிடம் எந்தச் சொல்லில் சொல்வது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

அதற்கப்புறம் எல்லா வகுப்பிலும், பையன்களும் பெண்களும் சேர்ந்திருக்கும்போதே, இந்த வாக்கியத்தை உரக்கச் சொல்ல வைக்கிறேன்: "என் விரையில் வலிக்கிறது, இப்போதே மருத்துவரிடம் போக வேண்டும்." முதலில் சிரிப்பு வெடிக்கும். மூன்றாவது தடவை சொல்லும்போது சிரிப்பு அடங்கி அது ஒரு சாதாரண வாக்கியமாகிவிடும்.

மார்ச் 12

மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே எல்லாம் என்று நான் எழுதிக்கொண்டே போவது போலத் தெரிகிறது. அதற்கு எதிராக ஒரு சாட்சியையும் வைத்துவிடுகிறேன்.

நைஜீரியாவில் அபிஜித் பானர்ஜி, எலியானா லா ஃபெராரா, விக்டர் ஒரோஸ்கோ மூவரும் இளைஞர்களுக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரைத் திரையிட்டுச் சோதித்தார்கள். எச்.ஐ.வி. பற்றிய கதை. பார்த்தவர்கள் பரிசோதனைக்குப் போவது கூடியது, பெண்களிடம் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று குறைந்தது. இதில் ஒரு பிரிவினருக்கு மட்டும் "உங்களைப் போன்ற மற்றவர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்தார்கள்" என்பதையும் சேர்த்துக் காட்டினார்கள். அதனால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. கதையோடு ஒன்றிப்போனவர்களிடம்தான் மாற்றம் அதிகம்.

ஆக, என் கரும்பலகைப் பயிற்சி எங்கும் எப்போதும் செல்லும் என்று நினைக்க முடியாது. தெரிந்த முகங்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், அந்த வகுப்பின் எண்ணே பலகையில் வரும்போது அதற்கு ஒரு வலு இருக்கிறது. முகம் தெரியாத கூட்டத்தின் சராசரிக்கு அந்த வலு இருக்காதோ என்னவோ. தனி ஒரு பெண்ணின் கதை மனதில் இறங்குவதும் ஒரு வழி. இரண்டும் வேண்டும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மார்ச் 13

பிள்ளைகள் பெயர் எழுதாமல் கேள்வி எழுதிப் போடும் பெட்டியை வகுப்பில் எப்படி வைப்பது என்று ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். 

மூலையில் வைத்து "வேண்டுமென்றால் எழுதிப் போடுங்கள்" என்றால் காலியாகவே இருக்கும். எழுதப் போகிறவனை எல்லாரும் பார்ப்பார்களே. எல்லாரும் எழுத வேண்டும், கேள்வி இல்லாதவர் "கேள்வி இல்லை" என்று எழுத வேண்டும், எல்லாரும் ஒரே அளவு மடித்துப் போட வேண்டும். எல்லாருக்கும் பென்சில். பேனா மை காட்டிக்கொடுத்துவிடும். வகுப்பிலேயே பிரித்துப் படிக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு அடுத்த வகுப்பில் பதில் சொல்லுங்கள். கேலியாக எழுதியது போலத் தெரிவதிலும் உள்ளே ஒரு கேள்வி இருக்கும், அதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டால் கேலி அடுத்த முறை வராது.

தவறான தொடுதல், மிரட்டல், வீட்டில் கொடுமை என்று எதையாவது குறிக்கும் துண்டு வந்தால் அதை வகுப்பில் படிக்கவே கூடாது. "யாருக்காவது வீட்டிலோ வெளியிலோ பயம் இருந்தால் இந்த நேரத்தில் இந்த அறையில் இருப்பேன்" என்று பொதுவாகச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் கட்டாயம் அங்கே இருங்கள். பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் பள்ளியில் யாரோ அவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அந்தத் துண்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

மார்ச் 16

இத்தனை பேசினோம், மருத்துவமனைக் கதவைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளை எல்லாம் தெரிந்துகொண்டு, தைரியமும் திரட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறது. வரவேற்பு மேசையில் இருப்பவர், வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும்படி "என்ன பிரச்சினை? கல்யாணம் ஆயிடுச்சா?" என்கிறார். ஒரு பெண்ணோடு நானே துணைக்குப் போயிருந்தபோது நடந்தது. அவளுக்கு இருந்தது வெறும் பூஞ்சைத் தொற்று. திரும்பி நடந்துவிட்டாள். அவள் தோழிகள் அத்தனை பேருக்கும் அன்று மாலைக்குள் செய்தி போயிருக்கும்: அங்கே போகாதே. என் ஒரு வருட வகுப்பை அந்த ஒரு கேள்வி அழித்துவிட்டது.

இங்கிலாந்து 1999இல் ஒரு திட்டம் தொடங்கியது. பள்ளிப் பாடம், இளையோருக்கு ஏற்ற கருத்தடைச் சேவை, இளம் தாய்மார்களுக்குத் துணை என்று எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி, உள்ளாட்சிகளுக்குப் பொறுப்பும் கொடுத்தது. 18 வயதுக்குட்பட்டோர் கருத்தரிப்பு 1998இல் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 47. 2014இல் 23க்குக் கீழே. எஸ்டோனியாவிலும் 1990களில் பள்ளிப் பாடமும் இளைஞர் ஆலோசனை மருத்துவமனைகளும் கைகோத்துத்தான் வளர்ந்தன.

வரவேற்பு மேசைக்காரரும் ஒரு சமூகத்திலிருந்துதான் வருகிறார். அவருக்கும் யாராவது வகுப்பு எடுத்தார்களா?

மார்ச் 17

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டதைச் சுட்டிக்காட்டிய தோழிக்கு நன்றி. மலாவியில் சோம்பா மாவட்டத்தில் பள்ளிப் பெண்களுக்கும் பெற்றோருக்கும் மாதாமாதம் சிறு தொகை கொடுத்தார்கள். 2012இல் லான்செட் வெளியிட்ட முடிவு: 18 மாதம் கழித்து, தொகை பெற்ற பள்ளிப் பெண்களிடம் எச்.ஐ.வி. 1.2 சதவீதம், பெறாதவர்களிடம் 3 சதவீதம். கென்யாப் பெண்களுக்கு எண்கள் காட்டிய வழியை இங்கே பணம் திறந்துவிட்டது. பணத்துக்காக வயதான ஆளிடம் போக வேண்டியிருக்கும் பெண்ணிடம் நண்பர்களின் தாக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவது அவளைக் குற்றவாளியாக்குவதில் போய் முடியும்.

மார்ச் 20

"தாக்கத்துக்கு ஆளாவது பிள்ளைகள்தான், நமக்கு என்ன" என்று நினைக்கும் பெற்றோருக்காக ஒரு குறிப்பு.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. வைரஸ் காரணம் என்று காட்டியதற்காக ஹரால்டு சுர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குத் தடுப்பூசி வந்துவிட்டது. ஜப்பானில் 2013 ஏப்ரலில் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்தார்கள். சில பெண்களுக்கு வலியும் வலிப்பும் வந்ததாகத் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஜூனிலேயே அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. 70 சதவீதம் அளவில் இருந்த தடுப்பூசி விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. தடுப்பூசிதான் காரணம் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பரிந்துரை திரும்ப வர 2022 ஏப்ரல் ஆயிற்று. இடையில் வளர்ந்த பெண்கள் யார் முடிவால் விட்டுப்போனார்கள்? அவர்கள் தோழிகளால் இல்லை. பக்கத்து வீட்டார் போடவில்லை, நாமும் வேண்டாம் என்று பெரியவர்கள் எடுத்த முடிவு.

டென்மார்க்கிலும் 2015இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்துக்குப் பின் சரிந்தது. 2017இல் சுகாதாரத் துறையும் புற்றுநோய்ச் சங்கமும் மருத்துவர் சங்கமும் சேர்ந்து இயக்கம் நடத்தின. வெறும் புள்ளிவிவரம் போதாது என்று புரிந்துகொண்டு, நோயை அனுபவித்த பெண்களின் கதைகளைத் தாய்மார்கள் கூடும் சமூக ஊடகத்துக்கே கொண்டுபோனார்கள். அவர்கள் எழுப்பிய ஒவ்வொரு சந்தேகத்துக்கும் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். விகிதம் மீண்டும் ஏறியது.

முதலில் கேள்வி கேட்ட நண்பரே, பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாமே என்றீர்கள். பெரியவர்கள் எங்கே ஒதுங்குவது? அவர்களும் அதே கூட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். பாடம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் நடக்க வேண்டும்.

மார்ச் 21

கேட்டவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயதுப் பெண்களுக்கு இந்தத் தடுப்பூசியை முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. 2022 டிசம்பரில் ஒரு தவணையே போதும் என்ற வழியையும் சேர்த்தார்கள். உங்கள் மருத்துவர் சொல்லும் அட்டவணையைப் பின்பற்றுங்கள்.

மார்ச் 24

ஒரு தாய் தனியாக எழுதிக் கேட்டார். அனுமதி வாங்கிப் பதிலை இங்கே போடுகிறேன். மகளுக்கு 14 வயது. மாதவிடாயில் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுகிறாள். "எனக்கும் என் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்கிறார்.

அம்மா, நீங்கள் தாங்கிக்கொண்டீர்கள் என்பதால் அது இயல்பு ஆகிவிடாது. கொஞ்சம் வலி இயல்பு. பள்ளிக்குப் போக முடியாத வலி, மாத்திரைக்கு அடங்காத வலி மருத்துவரிடம் காட்ட வேண்டியது. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) போன்றவை வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு ஒரு காரணம், வீட்டில் மூன்று தலைமுறையும் "அப்படித்தான்" என்று சொல்லிக்கொள்வது. மூன்று பேருக்கும் இருந்தது என்றால், அதையே மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள், குடும்பத்தில் ஓடும் நோயாகவும் இருக்கலாம்.

மற்றபடி அவளுக்கு இதையும் சொல்லிவையுங்கள். முதல் சில வருடங்களில் 21 முதல் 45 நாளுக்கு ஒருமுறை வருவது சாதாரணம், தோழிக்கு 28 நாள் என்றால் இவளுக்கும் 28 ஆக வேண்டியதில்லை. ஏழு நாளுக்கு மேல் போவது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைவது, மூன்று மாதம் வராமலே இருப்பது, இதெல்லாம் காட்ட வேண்டியவை. 15 வயது வரை வரவே இல்லை என்றாலும் அப்படியே. அதிகப் போக்கு உள்ள பெண்களில் சிலருக்கு ரத்தம் உறையும் குறைபாடு இருக்கும், ரத்தச்சோகையும் சேர்ந்திருக்கும். ரத்தப் பரிசோதனைகள் செய்து பார்க்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது அவளையே பேசவிடுங்கள். கொஞ்ச நேரம் நீங்கள் வெளியே உட்காருங்கள், உங்கள் முன்னால் கேட்க முடியாத ஒரு கேள்வி அவளிடம் இருக்கலாம். வலி எந்த நாளில் தொடங்குகிறது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு எடுத்தாள், எத்தனை நாள் பள்ளி போகவில்லை என்று இரண்டு மூன்று மாதத்துக்கு எழுதிக்கொண்டு போனால் நல்லது. எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதத்துக் குறிப்பு மட்டும் இருந்தாலும் போதும்.